கொண்டைக்குள் ஊசி

2007 ஆகஸ்ட் 9, வியாழக்கிழமை, டயகம தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் சிவனாண்டி தன் மனைவி தெய்வானையைக் கண்டிக்கு ஸ்கேனுக்கு அழைத்துப் போனார்.

தெய்வானையின் மூளையில் கட்டி இருந்தது. அது பொல்லாத புற்றுநோய்க் கட்டியா என்பது இன்னும் தெரியவில்லை. ஸ்கேன் எடுக்கும் மயூரதன் யாழ்ப்பாணத்துக்காரர்.

"தேயிலை நெருக்கமா நிண்டா நடுவால நடக்கேலாதுதானே, ஐயா? பொல்லாத கட்டியும் அப்பிடி நெருக்கமானதுதான், அதுக்குள்ள தண்ணி அசையாது. அதைத்தான் பாக்கப்போறம். உடம்பில இரும்பு ஏதும் கிடக்கோ?"

தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்குகளைக் கழற்றிச் சிவனாண்டியிடம் கொடுத்துவிட்டு தெய்வானை உள்ளே போனாள்.

சிவனாண்டியால் உட்கார முடியவில்லை. ஊக்குகளைத் திறந்து திறந்து மூடினார். காத்துக் கருப்பு அண்டாதிருக்க, உடைந்த ஊசியொன்றைத் திருநீற்றுத் துணியில் சுற்றி அவள் கொண்டைக்குள் காலையில் அவரே முடிந்துவிட்டிருந்தார். அவிழ்த்தால் காவல் போய்விடுமென்று, மயூரதன் கேட்டபோது அதைச் சொல்லவில்லை.

சற்று நேரத்தில் மயூரதன் தெய்வானையை வெளியே கூட்டிவந்தார்.

"படம் நெளிஞ்சு கிடக்கு. கொண்டைக்குள்ள என்ன வச்சிருக்கிறியள்?"

"சாமி துணிங்க," என்றார் சிவனாண்டி.

"துணிக்குள்ள?"

"ஊசிங்க. சின்னதுதாங்க."

"சின்னதெண்டாலும் இந்த மெசினில இருக்கிற காந்தம் இழுக்கும், ஐயா. முடிச்சு இறுக்கமாக் கிடந்தது நல்லகாலம்."

"நான் சொல்லத்தான் பாத்தேன்," என்றாள் தெய்வானை. "இவருதான் மொறைச்சாரு."

சிவனாண்டி முடிச்சை அவிழ்த்தார். மறுபடி எடுத்த படம் நேராக வந்தது. கட்டிக்குள் தண்ணீர் அசையவில்லை. செப்டெம்பர் 3ஆம் தேதி அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள்.