ராகம் இல்லாத ஒப்பாரி

"ஸ்டவ் வெடிச்சிதுன்னே எழுதிக்கிறேன். வேற யாருக்காச்சும் எதனா சொல்லணுமா?" சப்-இன்ஸ்பெக்டர் பந்தலுக்கு வெளியே ஜீப்பின் முகப்பில் காகிதத்தை வைத்துக்கொண்டு அவசரப்பட்டார்.

உள்ளே ஆராயி மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு பாடினாள்.

"தண்ணிக் குடத்தத் தள்ளி வச்சி, என் தங்கமே,
தாப்பாள வெளியில போட்டாங்களே!
வண்டி வாங்கித் தரலேன்னு, என் கண்ணே,
வத்திக்குச்சி கிழிச்சாங்களே!"

திருவண்ணாமலையில் எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு ஆராயியைத்தான் கூப்பிடுவார்கள். இன்று அவள் பெற்ற மகள் தனமே கருகிக் கிடக்கிறாள். கல்யாணமாகி எட்டே மாதம்.

சப்-இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. "அந்தம்மா என்ன பாடுது? தாப்பாளுங்குதே?"

மாப்பிள்ளையின் பெரியப்பா சக்கரபாணி வாத்தியார் முன்னால் வந்தார். செய்யுளுக்குப் பொருள் சொல்லிப் பழகிய வாய். "அதெல்லாம் வழக்கங்க சார். பொண்ணு செத்தா தாய்க்காரி சம்பந்தி வூட்ட வஞ்சிதான் பாடுவா. தாப்பாளுன்னா விதி கதவ மூடிடிச்சின்னு அர்த்தம். நெருப்புன்னா பெத்த வயிறு எரியிறது. பாட்டுக்கெல்லாம் கேஸ் போட முடியுமாங்க?"

அடடா, என்ன நேர்த்தியான பொழிப்புரை! சப்-இன்ஸ்பெக்டரும் தலையாட்டினார். பந்தலில் இருந்த பெண்களோ, "இன்னிக்கி என்னமா கட்டறா பாரு" என்று மெச்சிக்கொண்டே அழுதார்கள். ஒப்பாரியில் யாரை என்ன வைதாலும் குற்றமில்லை என்பது ஊர் கொடுத்த சலுகை. அதை யாரும் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை என்பதும் அதே ஊர் செய்த ஏற்பாடு. காதில் வாங்கினால் வசவு வாங்கியவர்களுக்கு ஆத்திரம் வராதா?

வாத்தியார் சொன்னது ஆராயியின் காதில் விழுந்தது. பாட்டை நிறுத்தினாள். அவிழ்ந்த தலைமயிரை முடிந்துகொண்டு ஜீப்புக்கு நேராக வந்தாள்.

"ஐயா, எம் பாட்டுக்கு அவரு அர்த்தம் சொல்ல வாணாம். ராகம் போடாம நானே சொல்றேன், எழுதிக்குங்க. மாமியாக்காரி ஜோதியம்மா மண்ணெண்ண ஊத்திக் கொளுத்துனா. புருஷங்காரன் வெளிய தாப்பாப் போட்டான். விடியக்கால ஆஸ்பத்திரில எம் பொண்ணு இத சொல்லிட்டுத்தான் உசுர வுட்டா. நர்ஸம்மாவும் கேட்டாங்க."

பந்தலில் அழுகை சட்டென்று அடங்கியது. இவ்வளவு நேரம் அவளோடு சேர்ந்து மாரடித்தவர்கள் ஒவ்வொருத்தியாகச் சேலையை உதறிக்கொண்டு எழுந்தார்கள்.

"சாவு வூட்ல பேசற பேச்சா இது?" என்றாள் ஒருத்தி. "பாட்டாவே பாடிட்டுப் போயிருக்கக் கூடாது?"

ஆராயி திரும்பிப் பார்க்கவில்லை.

"எழுதி படிச்சிக் காட்டுங்கய்யா," என்றாள். "ஒரு வார்த்த கொறஞ்சாலும் கைநாட்டு வைக்க மாட்டேன்."