ஆஸ்பென் மரத்தடிச் சிவப்புத் தொப்பிகள்

செப்டம்பரின் முதல் மழை ஞாயிறு விடியலில் நின்றது. கௌனாஸ் நகரத்திலிருந்து வைதாஸின் மகள் போன் செய்தாள்.

"புதன்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு வர்றேம்பா. எப்பப் பாரு காளான் பேச்சுதான். இனிமே காட்டுக்கு நடக்க முடியாது, நம்ம தோட்டமே போதும்கிறாங்க."

அவன் மனைவி ரிமுதே ஜனவரியில் பனியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அவள் மகள் வீட்டில் கிடந்த மாதங்களில் வைதாஸ் வீட்டுக்குப் பின்னாலிருந்த ஆஸ்பென், பிர்ச் மரங்களையெல்லாம் வெட்டினான். அவள் படுக்கும் அறைக்கு வெயில் வரட்டும் என்று. பைன்களை மட்டும் விட்டுவைத்தான்.

போனை வைத்துவிட்டுக் கூடையுடன் தோட்டத்தில் இறங்கினான். பைன்களின் கீழே வழுவழுப்பான வெண்ணெய்க் காளான்கள் இருந்தன. மற்ற இடமெல்லாம் புல். சிவப்புத் தொப்பிக் காளான் இல்லை, பழுப்புத் தொப்பி இல்லை, அணில்குட்டி என்று ஊரார் சொல்லும் மஞ்சள் காளானும் இல்லை.

பக்கத்து வீட்டு ஆல்டோனா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"என்னப்பா, ஊசியைத் தொலைச்சிட்டியா?"

"சிவப்புத் தொப்பி ஒண்ணுகூடக் காணோம்."

"எப்படி இருக்கும்? அது ஆஸ்பென் வேரோட குடித்தனம் பண்றது. வீட்டை இடிச்சுப்போட்டு ஆளைத் தேடுறே."

"வெட்டும்போதே சொல்லியிருக்கலாமே."

"வேலிகிட்ட நின்னு கத்தினேன். உன் ரம்பச் சத்தத்துல எவனுக்குக் கேட்டுச்சு? கடற்கரையில பொறந்தவனுக்கு மீனை விட்டா என்ன தெரியும்."

"திரும்ப வருமா?"

"மரக்கன்னு வெச்சுப் பாரு. உன் பேத்தி பறிப்பா."

அவன் சிரிக்கவில்லை. ஆல்டோனா வேலிக்கு அந்தப் பக்கம் தலையை இழுத்துக்கொண்டாள்.

செவ்வாயன்று தனியாகக் காட்டுக்குப் போனான். மாலையில் கூடை சிவப்புத் தொப்பிகளால் நிறைந்தது. திரும்பி வந்து, வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளுக்கு இடையில் பாசியைக் கிளறி, ஒவ்வொரு காளானாக ஊன்றினான். ஒன்று சாய்ந்தது. சுள்ளி முட்டுக் கொடுத்து நிமிர்த்தினான்.

புதன்கிழமை ரிமுதே அறைக்குள் வந்து ஜன்னலருகே நின்றாள். கட்டில்மீது வெயில் கிடந்தது.

"வெளிச்சம் நல்லா வருதுல்ல?" என்றான்.

"வருது," என்றாள். வெளியே பார்த்தாள். "ஒரு மரம்கூடவா விடல?"

"பைன் இருக்கு."

"ம்."

நடைச்சட்டத்தை ஊன்றி அவள் தோட்டத்தில் இறங்கினாள். அவன் கூடையுடன் பின்னால் போனான்.

"அதோ பாரு, சிவப்புத் தொப்பி," என்றான்.

அவள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தாள். குனிவதற்கு நேரமாயிற்று. காளான் இழுக்காமலே கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தாள். தண்டின் அடியில் மண் ஒட்டிய இழைகள் இல்லை. கத்தி அறுத்த வழவழப்பு. கட்டைவிரலால் அதைத் தடவினாள். பிறகு கூடையில் போட்டாள்.

அடுத்ததையும் எடுத்துத் திருப்பினாள். அதையும் போட்டாள். மூன்றாவதைத் திருப்பவில்லை.

"வைதாஸ்," என்றாள் அவனைப் பார்க்காமல். "அடுத்த வருஷமும் இப்படி நட்டு வைப்பியா?"