முதலில் செம்பு

கடைக்கு வருகிறவர்கள் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் எப்போதும் கத்திரிக்கோல் இருப்பதாலா, வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவதாலா என்று கேட்டால் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். அவளுக்கு இரண்டும் சம்மதம்தான். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் மூன்று நாற்காலியும் ஒரு கழுவுதொட்டியும் போட்டு, ஒன்பது வருஷமாகப் பெண்களுக்கு முடி வெட்டி, சாயம் பூசி அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் படியேறி வந்தவள் அவளுடைய நாத்தனார், அதாவது புருஷனின் தங்கை. கடை திறந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அந்தப் படியை மிதிக்காதவள். "படிச்ச பொண்ணு, ஊரார் தலையைக் கழுவிக்கிட்டு நிக்கப்போறாளா?" என்று அந்த நாளில் அண்ணனிடம் கேட்டவளும் அவள்தான். கேட்டது சமையலறையில், அதுவும் மெதுவாகத்தான். ஆனால் நாடகக்காரி. மெதுவாகப் பேசினாலும் கடைசி வரிசைவரை கேட்கும்.

இப்போது தலையைச் சுற்றி ஒரு சால்வை. கடையில் வேறு யாரும் இல்லை என்று சுற்றுமுற்றும் பார்த்து உறுதி செய்துகொண்டு, வாசல் கதவைச் சாத்திவிட்டு, சால்வையை அவிழ்த்தாள்.

"சிரிச்சிடாதீங்க அண்ணி."

கத்திரி சிரிக்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தாள். வேர்ப்பக்கம் சாம்பல், நடுவில் புளித்த பச்சை, நுனியில் குளத்துப் பாசி.

"எத்தனை டப்பா பூசின?"

"மூணு."

"ஒண்ணுமேல ஒண்ணாவா?"

நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கதை இதுதான். போன நாடகத்தில் அவளுக்கு எண்பது வயதுக் கிழவி வேஷம். பொய்முடி வைத்தால் அவளுக்கு மண்டையெல்லாம் தடித்துச் சிவந்துவிடும். அதனால் நிஜ முடியையே வெளுத்துக்கொண்டாள். ஏழு மாதம் வெள்ளைத் தலையோடு நடித்து, பத்திரிகைகளில் எல்லாம் பேர் வாங்கினாள். புது நாடகத்தில் முப்பது வயது வக்கீல். கதாநாயகி. வெளுத்த முடியைக் கறுப்பாக்குவது என்ன பெரிய வித்தையா என்று கடையில் ஒரு டப்பா வாங்கி வீட்டிலேயே பூசினாள். முதல் நாள் கன்னங்கரேல் என்று இருந்தது. மூன்றாவது குளியலில் பாதி போயிற்று. இரண்டாவது டப்பா, ஒத்திகையில் விளக்குச் சூட்டுக்கு வியர்த்தபோது கழுத்து வழியாக இறங்கி, வெள்ளைச் சட்டையின் காலரில் சாக்கடைத் தண்ணீர் மாதிரி கோடு போட்டது. மூன்றாவது டப்பாவின் லட்சணம்தான் இப்போது கண்ணாடியில் தெரிந்துகொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமை முதல் காட்சி. மூணாவது அங்கத்துல நான் மழையில நனைஞ்சுக்கிட்டே உள்ள வரணும். நெஜத் தண்ணி, மேலேருந்து ஊத்துவாங்க. டைரக்டர் இன்னொரு பொண்ணுக்கு என் வசனத்தைக் குடுத்துப் படிக்கச் சொல்லிட்டார்."

கத்திரி பின்கழுத்திலிருந்து மெல்லிய கற்றை ஒன்றை வெட்டித் தண்ணீரில் நனைத்து, இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள். நல்ல முடி என்றால் இழுத்து விட்டதும் பழையபடி சுருங்கும். இது ரப்பர் போல நீண்டது, திரும்பி வரவில்லை, நுனியில் இற்று விழுந்தது. வேர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கற்றையை எடுத்து இழுத்தாள். அது திரும்பி வந்தது. போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

"முடியும். ஆனா நாலு விரக்கடை வெட்டணும்."

"நாலா? இடுப்பு வரைக்கும் வளர்த்தது அண்ணி!"

"நீளம் வேணுமா, முடி வேணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். கத்திரி வெட்டினாள். பாசி நுனிகள் தரையில் விழுந்தன. அதன்பின் இரண்டு தடவை தலையை அலசி, ஒட்டிக்கொண்டிருந்த டப்பாச் சாயத்தில் போகிறதையெல்லாம் போகவிட்டாள். காய்ந்ததும் கிண்ணத்தில் சாயம் கலக்கத் தொடங்கினாள்.

"அது என்ன, ஆரஞ்சா இருக்கு?"

"செம்பு நிறம். மொதல்ல இதுதான். உன் முடிக்குள்ள சிவப்பு, மஞ்சள் எல்லாம் இருந்தது, அதுக்கு மேலதான் கறுப்பு. வெளுக்கிறப்ப அத்தனையையும் தொடச்சு எடுத்துட்டாங்க. இப்ப முடி காலி வீடு. காலி வீட்டுல நேரா கறுப்பைக் கொண்டுபோய் வச்சா பிடிமானம் இல்லாம ஒழுகிடும், பச்சையடிக்கும். அடியில செம்பு போட்டாத்தான் மேல போடுறது நிக்கும். புரியுதா?"

"புரியுது."

புரிந்தது என்று சொல்வது வேறு, கண்ணாடியில் பார்ப்பது வேறு. இருபது நிமிஷம் கழித்துக் கத்திரி ஈரத்துண்டால் செம்பைத் துடைத்து எடுத்தபோது, நாத்தனாரின் தலை முற்றிய காரட் போல ஜொலித்தது. புருவம் கறுப்பு, தலை காரட்.

நாத்தனார் எழுந்துவிட்டாள். கழுத்தில் கட்டிய துணியோடு கதவுவரை போய், சால்வை இல்லாமல் தெருவில் இறங்க முடியாது என்று உணர்ந்து திரும்பி, கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"சார்... இல்ல சார், சரியா வரல. அந்தப் பொண்ணையே போட்டுக்கங்க. எனக்கு—" குரல் உடைந்தது. கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல், எதிரில் நின்ற கத்திரிக்கே சரியாகக் கேட்கவில்லை.

கத்திரி கையுறையைக் கழற்றினாள். போனை அவள் கையிலிருந்து வாங்கிக் காதில் வைத்தாள்.

"வணக்கம் சார். நான் இவங்க அண்ணி, தலைக்குச் சாயம் போடுறவ. வேலை பாதிதான் முடிஞ்சிருக்கு. பாதி வெந்த சோத்தை எடுத்துப் பாத்துட்டு அழுறாங்க. நாளைக்கு ஒத்திகைக்கு வருவாங்க, தலையைப் பாத்து நீங்களே சொல்லுங்க."

இயக்குநர் ஏதோ கேட்டார்.

"மழையா? நாளைக்கு மழை கிடையாது சார். ரெண்டு நாளைக்குத் தலையில ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது. வியாழக்கிழமை சாயங்காலம் ஊத்துங்க. எவ்வளவு வேணா ஊத்துங்க."

அவர் மறுபடி ஏதோ சொன்னார். கத்திரி புருவத்தை உயர்த்தினாள்.

"கன்னங்கரேல்னு வேண்டாம் சார். உங்க விளக்கு வெளிச்சத்துக்கு அது தார் ஊத்தின மாதிரி தெரியும். கறுப்புக்கு ஒரு படி கீழ, அடர்ந்த பழுப்பு போடுறேன். கீழேருந்து பாத்தா கறுப்பாத்தான் தெரியும், ஆனா உயிர் இருக்கும். நீங்க நாடகத்தைப் பாருங்க, நான் தலையைப் பாத்துக்கறேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். நாத்தனார் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"அவர்கிட்ட யாருமே இப்படிப் பேசினதில்ல."

"அவர் தலையில சாயம் போடுறப்ப அவர் பேசட்டும். உக்காரு."

பழுப்பை இரண்டு கிண்ணத்தில் கலந்தாள். வேருக்கும் நடுப்பகுதிக்கும் ஒரு அளவு, நுனிக்கு ஒரு படி வெளிர். வெந்து போன நுனி கண்டதையும் குடிக்கும், ஒரே சாயத்தைப் போட்டால் நுனி மட்டும் கரிக்கட்டையாகிவிடும். பகுதி பகுதியாகப் பிரித்துக் கொண்டை ஊசி போட்டு, பின்பக்கத்திலிருந்து முன்னால் வந்தாள். தூரிகை ஒரே சீராகப் போயிற்று. வாய் மூடியிருந்தது. வேலை செய்யும்போது கத்திரி பேசமாட்டாள், அது எல்லாருக்கும் தெரியும். நாத்தனாருக்குத் தெரியாது. அந்த மௌனத்தை அவள் கோபம் என்று எடுத்துக்கொண்டாள்.

"அண்ணி. நீங்க கடை தொறந்தப்ப நான் ஒண்ணு சொன்னேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"உன் குரலுக்குச் சுவரெல்லாம் எம்மாத்திரம்? காதுல பூசிடப்போறேன், தலையை நேரா வை."

நாத்தனார் நேராக வைத்தாள். "அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டு? நீ மன்னிப்புக் கேப்ப, நான் பரவால்லம்பேன், மறுநாளும் நீ வேற கடைக்குத்தான் போவ. எனக்கு அதுல என்ன லாபம்?" கடைசிக் கற்றையைப் பூசி முடித்து, பிளாஸ்டிக் தொப்பியை மாட்டினாள். "கோவம் இருந்துது. இல்லன்னு சொல்லல. ஒரு ரெண்டு வருஷம் இருந்துது. அப்புறம் கடையில கூட்டம் வந்துடுச்சு, கோவப்பட நேரம் கெடைக்கல."

நாத்தனாருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் நடிக்க மேடையில் ஆறு மாதம் பயிற்சி எடுத்தவள் அவள். இப்போது பயிற்சி இல்லாமலே வந்தது.

அரை மணி நேரம் கழித்துக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, சாயம் வெளியேறாமல் முடியின் வாயை மூட ஒரு பூச்சைத் தடவி, மெல்லிய சூட்டில் உலர்த்தினாள். நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள்.

இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரை, மழை நனைத்த மரப்பட்டையின் நிறத்தில் முடி விழுந்திருந்தது. நாத்தனார் தலையை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தாள். பிறகு முதுகை நிமிர்த்தி, கண்ணாடியைப் பார்த்து, "கனம் நீதிபதி அவர்களே!" என்றாள். கீழே மூக்குக்கண்ணாடிக் கடையில் யாரோ "என்னது?" என்று கேட்டார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கத்திரி கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு அரங்கத்துக்குப் போனாள். இயக்குநர் அவளை அழைக்கவில்லை, அவளாகத்தான் போனாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். இயக்குநர் இரண்டாவது வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்து, "நீங்கதானா மழையை நிறுத்தினது?" என்றார். "தள்ளி வச்சேன், அவ்வளவுதான்" என்றாள் அவள்.

மூன்றாவது அங்கம் வந்தது. மேலே தகரக் குழாயில் தண்ணீர் திறந்த சத்தம் கேட்டது. நாத்தனார் வெள்ளைச் சட்டையில், கையில் கோப்புக் கட்டோடு, தண்ணீருக்குள் நடந்து வந்தாள். முடி நெற்றியில் ஒட்டியது. நீர் கன்னத்தில் இறங்கி, கழுத்தில் வழிந்து, காலரை நனைத்தது. கத்திரி வசனம் எதையும் கேட்கவில்லை. வக்கீல் யாருக்காக வாதாடினாள், ஜெயித்தாளா தோற்றாளா எதுவும் தெரியாது. காலரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். காலர் நனைந்தது, தோளோடு ஒட்டியது, வெள்ளையாகவே இருந்தது.

உடைமாற்றும் அறையில் நாத்தனார் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்திரி துண்டை எடுத்து, கசக்காமல், ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தாள். துண்டில் லேசாக ஒரு பழுப்பு நிழல் தெரிந்தது. நாத்தனார் அதைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணி! போகுதே!"

"கொஞ்சம் போகும். தினமும் மழையில நிக்கிற தலை, போகாம இருக்குமா? அடியில இருக்கிறது நிக்கும். சூடுதண்ணி ஊத்தாத, நான் குடுக்கிற ஷாம்பூவைத் தவிர வேற எதையும் தொடாத, வாரத்துக்கு ஒருதரம் வந்து மேல ஒரு பூச்சு போட்டுக்கோ."

"செவ்வாய்க்கிழமை வரட்டுமா?"

கத்திரி துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தாள்.

"வர்ற செவ்வாய்க்கிழமைக்கு ஏற்கெனவே நெறைய பேர் சொல்லி வச்சிருக்காங்க. புதன்கிழமை காலைல வா. முன்கூட்டி சொல்லிட்டு வா."

"நான் உங்க நாத்தனார் அண்ணி!"

"அதனாலதான் புதன்கிழமை. வேற யாராவதா இருந்தா அடுத்த மாசம்தான்" என்று சொல்லிவிட்டு, கத்திரி உலர்த்தியைக் கையில் எடுத்தாள்.