முதல் கடி

மூடிப்போன செம்புச் சுரங்கத்திலிருந்து கசியும் அமிலத் தண்ணீரில், அதன் விஷம் முறிய, பதினோரு வருஷமாகச் சுண்ணாம்பு கலக்குவதுதான் அவர் வேலை. அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் குளம் கீழே கண்ணாடிப் பச்சையாய்க் கிடந்தது. அதில் மேகத்தின் நிழல் மட்டும்தான் நகரும். தவளையோ தும்பியோ அங்கே பிறந்ததே இல்லை. தெருவில் ஒரு வீட்டிலும் கொசுவலை கிடையாது.

இந்த மாதம் அந்தக் குளம் கலங்கிப் பாசி பிடித்தது. எல்லாம் பாழாய்ப் போச்சென்று மனுஷர் இடிந்துபோனார்.

சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்தபடியே கண் அசந்தார். கனவிலும் அதே பழைய பச்சை. அதற்குள் மெல்ல மிதந்துகொண்டிருந்தபோது முழங்கையில் சுருக்கென்றது. கண்ணைத் திறந்தால் ஒரு கொசு.

"ஐயோ, கொசுங்க! அடிச்சுத் தொலைங்க!" மனைவி துடைப்பத்தோடு ஓடிவந்தாள்.

"கையை வச்சே, தெரியும் சேதி!" என்று சீறினார். "செத்த தண்ணியிலயா கொசு பொறக்கும்? இது நம்ம குளத்துப் பிள்ளைடி."

அது வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தள்ளாடிப் பறக்கும்வரை மூச்சைக்கூட மெல்ல விட்டார். பிறகு சட்டையை மடித்து மற்றக் கையையும் நீட்டினார்.