எண்பத்தெட்டாவது பெட்டி

சேகரிப்போர் சங்கத்தில் எல்லோரும் அவனை 'சீல்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வீடியோ கேம் வாங்கினாலும், அதன் மேல் சுற்றியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறையை அவன் பிரித்ததே இல்லை. பிரித்தால் அது வெறும் விளையாட்டுச் சாமான், பிரிக்காவிட்டால் சேகரிப்பு. இந்த வித்தியாசம் புரியாதவர்களோடு அவன் அதிகம் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. ஆனால் அவர்களில் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தான்.

வீட்டில் இரண்டு படுக்கையறைகள். ஒன்றில் சீலும் மனைவியும் இருந்தார்கள். இன்னொன்றில் பெட்டிகள் இருந்தன. இரண்டில் வசதியானது பெட்டிகளின் அறைதான். ஜன்னலுக்கு வெயில் புகாத தடித்த திரை. கதவின் அடியில் தூசி நுழையாமல் ரப்பர் பட்டை. தட்டுக்குத் தட்டு ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள். உற்பத்தி நின்றுபோன ஒரு கன்சோலுக்காக வெளிவந்த நூற்று நாற்பத்து மூன்று கேம்களும் சுவர் முழுக்க எண் வரிசைப்படி நின்றன. அந்தக் கன்சோலும் கீழ்த்தட்டில் இருந்தது. அதையும் பிரிக்கவில்லை.

மனைவிக்கு வேலை, புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்வது. கூடத்தில் உட்கார்ந்தால் தெருவில் போகும் பைக்குகளும் சேர்ந்து பதிவாகும். படுக்கையறையில் பக்கத்து வீட்டு மிக்ஸி. ஆகவே அவள் துணி அலமாரிக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்து, சட்டைகளுக்கு நடுவே கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தாள். கதாநாயகி கண்ணீர் விடும் கட்டத்தில் சீலின் பேண்ட் ஹேங்கரோடு அவள் தலையில் விழும். ஒரு பதிப்பகம் பன்னிரண்டு நாவல்களை வாசிக்கக் கொடுப்பதாகச் சொல்லி மாதிரிப் பதிவு கேட்டிருந்தது. இரண்டு முறை அனுப்பினாள். குரல் அருமை, ஆனால் பின்னால் கம்பி உரசுகிறது என்று இரண்டு முறையும் திருப்பிவிட்டார்கள். மூன்றாவதை அடுத்த வாரம் புதன்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அதுவும் சரியில்லையென்றால் வேறு குரல் பார்த்துக்கொள்வார்களாம்.

"அந்த அறையைக் குடுங்க" என்றாள்.

"அது அறை இல்லம்மா. தொகுப்பு."

"நாலு சுவர் இருக்கு, கதவு இருக்கு. எங்க ஊர்ப்பக்கம் அதுக்கு அறைன்னுதான் பேரு."

"சனிக்கிழமை சங்கத்துலேர்ந்து பார்க்க வராங்க. 'முழுத் தொகுப்பு'ன்னு சான்று குடுத்தா இந்தச் சங்கத்துலயே நான்தான் முதல் ஆள். அதுக்கப்புறம் ஒரு பெட்டியைக்கூட நகர்த்த முடியாது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி. முழுசுன்னு எழுதிக் குடுத்தா அறை உங்களுக்கு. நான் வாயைத் திறக்க மாட்டேன், அலமாரியிலேயே கிடக்கிறேன். ஒண்ணே ஒண்ணு குறைஞ்சாலும் எனக்கு. சம்மதமா?"

சீலுக்குச் சிரிப்பு வந்தது. அவன் வேலை பார்த்தது மருந்து டப்பாக்களுக்கு லேபிள் அச்சடிக்கும் தொழிற்சாலையில். கடுகு அளவு எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடித்து, ஒரு வண்டி லேபிளையே திருப்பி அனுப்புகிறவன். அவனுடைய தொகுப்பிலா குறை?

"சம்மதம்" என்றான்.

சனிக்கிழமை மதியம் முதலில் வந்தவன் அழையாத விருந்தாளி, மனைவியின் தம்பி. அவனும் கேம் சேகரிப்பவன்தான், ஆனால் டிஜிட்டல் கட்சி. எண்ணூறுக்கு மேல் கேம்கள் அவன் கணக்கில் இருந்தன. எல்லாம் தள்ளுபடி நாட்களில் பதறியடித்து வாங்கியவை. மாலையில் வேலை முடிந்து வந்ததும் சோபாவில் சாய்ந்து எதை விளையாடலாம் என்று பட்டியலைத் தள்ளிக்கொண்டே போவான். பட்டியலின் பாதியில் தூங்கிவிடுவான்.

"என்ன மாமா, பெட்டிக்கெல்லாம் குளிப்பாட்டி பவுடர் போட்டாச்சா?"

"கையை வைக்காதே. விரல் ரேகை படும்."

"என்னோட எண்ணூறும் இதுக்குள்ள இருக்கு. தூசியும் இல்ல, தொடைக்கவும் வேணாம்" என்று மச்சான் போனை ஆட்டினான்.

"அது உன்னோடது இல்ல மச்சான். கடைக்காரன் உனக்குக் காட்டுறான், அவ்வளவுதான். நாளைக்கே கதவைச் சாத்தினான்னா கையை நக்கிக்கிட்டுப் போக வேண்டியதுதான். டிஸ்க் இருந்தாத்தான் சொத்து."

இது வெறும் பேச்சு இல்லை. போன வருடம் சங்க விதிகளைத் திருத்தியபோது ஏழாவது விதியைச் சீல்தான் எழுதிக் கொடுத்தான்: 'உள்ளே டிஸ்க் இல்லாத எதுவும் பெட்டியாகக் கணக்கில் வராது.' மச்சானைப் போன்றவர்களை வாசலோடு நிறுத்துவதற்காகவே எழுதியது.

பிறகு சங்கச் செயலாளர் வந்தார். வார நாட்களில் அவர் பல் டாக்டர். கையுறை மாட்டிக்கொண்டு, நெற்றியில் பூதக்கண்ணாடி கட்டிக்கொண்டு, சின்னக் கண்ணாடிக் குச்சியைத் தட்டுகளுக்குள் விட்டுப் பார்த்தார். சீலுக்குக் கடைவாயில் கூசியது.

"ரொம்ப சுத்தம். நான் பார்க்கிற வாயெல்லாம் இப்படி இருந்தா நான் கிளினிக்கை மூடிட்டுப் போயிடலாம்" என்றார்.

சீல் மனைவியைப் பார்த்தான். அவள் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பின்பக்க எண் லேபிள் எல்லாம் ஒரே இடத்துல ஒட்டியிருக்கீங்களே, எப்படி?"

"அளவுகோல் வெச்சு, டாக்டர். கீழ் ஓரத்துலேர்ந்து எட்டு மில்லிமீட்டர், வலது ஓரத்துலேர்ந்து எட்டு மில்லிமீட்டர். நூத்தி நாப்பத்தி மூணுலயும் அதே அளவு."

டாக்டர் பையிலிருந்து ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசை எடுத்து மேசையில் வைத்தார். "சம்பிரதாயம்தான். வெறும் பெட்டியை உறை சுத்தி வித்த ஆளுங்க உண்டு."

பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தராசில் ஏறி இறங்கின. தொண்ணூற்றெட்டு கிராம். தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டு. டாக்டர் சொல்லச் சொல்ல மச்சான் கொட்டாவி விட்டான். எண்பத்தெட்டாவது பெட்டி தராசில் ஏறியது.

"எண்பத்திரண்டு" என்றார் டாக்டர்.

அவர் பெட்டியை எடுத்து, தராசைப் பூஜ்யமாக்கி, மறுபடி வைத்தார். எண்பத்திரண்டுதான். காதருகே கொண்டுபோய் விரலால் தட்டினார். சொத்தைப் பல்லைத் தட்டிப் பார்க்கிற அதே தட்டு.

"புத்தம் புது உறை டாக்டர்! கம்பெனி ஒட்டு அப்படியே இருக்கு. உள்ள கையேடு மெலிசா இருக்கும்."

"இருக்கலாம். பின்னாடி என்ன எழுதியிருக்கு?"

"லேபிள் இருக்கு."

"லேபிளுக்கு அடியில?"

சீலுக்கு அப்போதுதான் உறைத்தது. அடியில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. மூன்று பெட்டிகள் ஒன்றாக வந்த நாள் அது. அளவெடுத்தான், ஒட்டினான், அடுக்கினான். அளவெடுப்பதில் இருந்த மும்முரத்தில் படிக்கவில்லை.

மனைவியே தன் ஹேர் டிரையரைக் கொண்டுவந்து நீட்டினாள். சூடான காற்று பட்டதும் லேபிள் ஓரத்தில் சுருண்டது. பழகிய கை, கறை இல்லாமல் உரித்தெடுத்தான். அடியில், அவன் தினமும் சம்பளம் வாங்கிக்கொண்டு படிக்கிற அதே கடுகு எழுத்தில் ஒரு வரி இருந்தது. டாக்டர் பூதக்கண்ணாடியை இறக்கி உரக்கப் படித்தார்:

"'இப்பெட்டியில் டிஸ்க் இல்லை. பதிவிறக்கம் செய்வதற்கான எண் அச்சிட்ட சீட்டு மட்டுமே உள்ளது.'"

மச்சான் துள்ளியே விட்டான். "மாமா! நீங்க நம்ம கட்சியா? சொல்லவே இல்ல!"

"டாக்டர், இது... கம்பெனியே இப்படித்தான் வெளியிட்டிருக்கு. டிஸ்க்கே போடலன்னா நான் எங்க போறது? உலகத்துல யார்கிட்டயும் இருக்காதே."

"அதே நியாயத்தைத்தான் போன வருஷம் நானும் சொன்னேன். நீங்கதான் ஏழாவது விதியில விலக்கே கூடாதுன்னு ஒரு மணி நேரம் பேசினீங்க." டாக்டர் கையுறையைக் கழற்றினார். "நல்ல பேச்சு. கைகூடத் தட்டினோம்."

மச்சானுக்குப் போகிற போக்கில் ஒரு குத்து குத்தாமல் இருக்க முடியவில்லை. "எங்கிட்ட அந்த கேம் இருக்கு மாமா. இப்பவே காட்டுறேன் பாருங்க." போனில் தேடினான். தேடத் தேட முகம் சுருங்கியது. பெயர் இருந்தது, சாம்பல் நிறத்தில். தொட்டால் 'இந்தக் கடை மூடப்பட்டுவிட்டது' என்று வந்தது. மேலே தள்ளினான், கீழே தள்ளினான். அந்தக் கன்சோலுக்காக வாங்கிய அறுபதும் சாம்பலாகவே இருந்தன.

"அக்கா, வை-ஃபை சரியா வரலியா?"

"வை-ஃபைக்கு ஒரு குறையும் இல்லடா. அவரு இல்லாததைப் பெட்டியில வெச்சிருக்காரு, நீ இல்லாததைப் போன்ல வெச்சிருக்கே. அவ்வளவுதான் விஷயம்."

டாக்டர் படிவத்தில் 'முழுமையற்றது' என்று எழுதி, பாக்கிப் பெட்டிகளைத் தொடாமலே தராசைப் பைக்குள் போட்டார். "ஒண்ணு போதும். மீதியைப் பிடுங்க வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஞாயிறு காலை சீல் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். பெட்டிகளை இறக்கிக் கூடத்தில் அடுக்கினான். வாசலில் நின்று பார்த்தவர்கள், பிணம் எடுத்த வீடு என்றுதான் நினைத்திருப்பார்கள். மனைவி முக்காலியோடும் மைக்கோடும் உள்ளே போனாள். ஐந்து நிமிடத்தில் தலையை நீட்டினாள்.

"என்னங்க, கிணத்துக்குள்ள பேசுற மாதிரி எதிரொலிக்குது. அந்தப் பெட்டியையெல்லாம் மறுபடி அடுக்குங்க."

அவனால் காதை நம்ப முடியவில்லை. "அப்போ அறை?"

"அறை எனக்குத்தான். சுவரு அதுங்களுக்கு. நீங்க மட்டும் வெளிய."

பெட்டிகள் தட்டுக்குத் திரும்பின. எதிரொலி அடங்கியது. தடித்த திரையும் ரப்பர் பட்டையும் நூற்று நாற்பத்து மூன்று பெட்டிகளும் சேர்ந்து தெருவையும் மிக்ஸியையும் விழுங்கிவிட்டன. இத்தனை வருடத்தில் அந்தத் தொகுப்பு ஒரு காரியத்துக்கு உதவியது அதுவே முதல் முறை. அவள் செவ்வாய்க்கிழமையே மாதிரியை அனுப்பினாள். வியாழக்கிழமை பன்னிரண்டு நாவல்களும் வந்து இறங்கின. கதவில் ஒரு சிவப்பு விளக்கு மாட்டினாள். அது எரிந்தால் வீட்டில் யாரும் தும்மக்கூடாது.

சீல் அந்த வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் ஒழுங்காக வேலை பார்க்கவில்லை. எண்பத்தொன்பதிலிருந்து நூற்று நாற்பத்து மூன்று வரை ஐம்பத்தைந்து பெட்டிகள் மனதை அரித்தன. தராசில் வைக்கலாம். ஆனால் எடைமேல் இருந்த நம்பிக்கையும் போய்விட்டிருந்தது. டிஸ்க்குக்குப் பதில் தடித்த அட்டையை வைத்திருந்தால்? கண்ணால் பார்த்தால் ஒழிய ஆறாது. சனிக்கிழமை காலை, அவள் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, தூசி தட்டுகிறேன் என்று உள்ளே போய் எண்பத்தொன்பதைச் சட்டைக்குள் ஒளித்து எடுத்துவந்தான். காலியாகிவிட்ட துணி அலமாரிக்குள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு நாயகன் யாரோ ஒரு வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தான். அவள் குரலை உயர்த்தும்போதெல்லாம் சீல் உறையை ஒரு நகக்கண் அளவு கிழித்தான். அவள் மூச்சு விட நிறுத்தினால் அவனும் நிறுத்தினான். அரை அத்தியாயம் ஆனது. ஹேங்கர் இரண்டு முறை உச்சந்தலையில் இடித்தது.

பெட்டி திறந்தது. உள்ளே டிஸ்க் இருந்தது, வட்டமாக, பளபளவென்று. போன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் தெரிந்த முகத்துக்கு வேர்த்திருந்தது. விளையாடிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கன்சோல் பிரிக்காமல் இருப்பது ஞாபகம் வந்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. டிஸ்க்கை அதன் இடத்திலேயே அழுத்தி வைத்து மூடினான்.

இனி ஐம்பத்து நான்கு. ஆனால் அதற்கு முன்னால் இதைத் திறந்தபடி வைக்க முடியாதே. பூனை நடை நடந்து சமையலறைக்குப் போனான். மிச்சம் மீதியை மூடி வைக்கிற பிளாஸ்டிக் தாள் சுருளை எடுத்துக்கொண்டு அலமாரிக்குத் திரும்பினான். ஒரு முழம் இழுத்தான். அது கரகரவென்று கத்தியது.

அந்தப் பக்கம் வாசிப்பு நின்றது.

"என்னங்க! அது என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லம்மா" என்றான் சீல், மூச்சைப் பிடித்துக்கொண்டு. "நீ வாசி."