முப்பத்திநாலாம் பக்கத்து மயக்கம்

பாண்டீஸ்வரி அக்கா எங்கள் பரீட்சையில் இருபதுக்கு இருபது வாங்கியவர். அதனால்தான் முத்திருளன் என்கிற மனுஷன் நாற்பது நிமிஷம் ஒரு வாய் சீனித்தண்ணி கிடைக்காமல் கிடந்தார்.

என் பெயர் சோணையம்மாள். ஆபீசில் சோனா. "வாயில நுழையலம்மா" என்று சேர்ந்த அன்றைக்கே என் பெயரை வெட்டியவர் இயக்குநர் வெங்கடசுப்பிரமணியன். திருப்பரங்குன்றம் ரோட்டில் இருக்கிற எங்கள் நிறுவனம் நர்சுகளுக்கும், வீடு வீடாகப் போய் சுகர், பிரஷர் பார்க்கிற களப்பணியாளர்களுக்கும் பயிற்சிப் புத்தகம் போடுகிறது. டாக்டர்கள் இங்கிலீஷில் தருவார்கள். நான் தமிழில் எழுதுவேன். சார் திருத்துவார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆனாலும் எனக்குத் தமிழ் தெரியாது என்பது சாரின் தீர்மானம்.

முப்பத்திநாலாம் பக்கம், சுகர் திடீரென்று இறங்கிப்போனால் என்ன செய்வது என்பது. நான் இப்படி எழுதியிருந்தேன்: "கிறக்கமா வருது என்று சொன்னால் உடனே சீனி கொடுங்கள். கூப்பிட்டும் கண் திறக்காமல் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்."

சார் சிவப்பு மையில் அடித்தார். ஓரத்தில் 'கொச்சை' என்று எழுதினார். அச்சில் வந்தது இந்த ஒரு வரிதான்: "நோயாளி மயக்கமுற்றிருப்பின் வாய்வழியாக எதுவும் அளித்தலாகாது."

"சார், இங்க மயக்கம்னா வேற சார்" என்று அன்றைக்கே சொன்னேன்.

"மயக்கம்னா மயக்கம்தான்மா. அகராதி பாரு."

நானும் வாயை மூடிக்கொண்டு போய்விட்டேன். போனது மட்டுமா? பரீட்சைக்குக் கேள்வித்தாள் போட்டதும் நான்தான். 'மயக்கமுற்றவருக்கு சர்க்கரை நீர் அளிக்கலாமா?' 'கூடாது' என்று எழுதினால் ஒரு மார்க்கு.

போன மாசம் முத்திருளன் விஷயம் நடந்தது. களப்பணியாளரான பாண்டீஸ்வரி அக்காவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டு, சுகாதார அலுவலகம் எங்களுக்கு ஒரு கடிதம் போட்டது. இவருக்கு முறையாகப் பயிற்சி தரப்பட்டதா? விசாரணை செவ்வாய்க்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை விளாங்குடியில் அக்கா வீட்டுக்குப் போனேன். என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவர், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எனக்குக் கூசிப்போனது.

"உக்காருங்கக்கா. என்னதான் நடந்துச்சு?"

"சுகர் பாக்கப் போனேன் மேடம். மாத்திரையப் போட்டுட்டு சாப்பிடாம வயலுக்குப் போயிட்டு வந்துருக்காரு. வேர்த்து ஊத்துது, கை நடுங்குது. மெஷின்ல அம்பத்தி ரெண்டு. 'தாயி, மயக்கமா வருது'ன்னாரு. அவரு சம்சாரம் சீனி டப்பாவ எடுத்துட்டு ஓடியாந்துச்சு. நான்தான் புடுங்கி வச்சேன். மயக்கம்னா வாயில குடுக்கக் கூடாதுல்ல?"

"அப்புறம்?" என்றேன்.

"ஆம்புலன்ஸ் வர நாப்பது நிமிசம். அதுக்குள்ள நெசமாவே நெனப்பு தப்பிருச்சு. பொழைச்சுட்டாரு, பேச்சுத்தான் இன்னும் குழறுது. அந்தம்மா என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிருது. சீனி என் கையிலதான மேடம் இருந்துச்சு?"

எங்கள் பக்கம் வெறும் வயிற்றோடு வெயிலில் நின்றால் மயக்கமா வரும். கூட்டத்தில் காத்தில்லாவிட்டால் மயக்கமா வரும். மயக்கமா வருது என்று சொல்கிறவன் பேசிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு நினைவு இருக்கிறது. மதுரையில் பஸ்ஸில் ஏறி இறங்குகிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். அகராதிக்குத்தான் தெரியவில்லை.

திங்கட்கிழமை சார் என்னைக் கூப்பிட்டு, அலுவலகத்துக்கான பதிலைச் சொல்லச் சொல்ல டைப் அடிக்கச் சொன்னார். "பயிற்சி முறையாக வழங்கப்பட்டது. பணியாளர் பாடத்தைச் சரிவரப் புரிந்துகொள்ளவில்லை."

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.

"அவங்க புரிஞ்சுக்கிட்டதாலதான் சார் இது நடந்துச்சு. புக்குல இருந்ததை அப்படியே செஞ்சிருக்காங்க."

"சோனா, மறுபதிப்பு பிரஸ்ஸுக்குப் போகுது. இந்த நேரத்துல புக்குல தப்புன்னு நாமளே எழுதிக் குடுக்கிறதா?"

"அந்த மறுபதிப்புலயும் மயக்கம்தான் சார் இருக்கு."

"எழுத்துப்பிழை மட்டும் பாத்தாப் போதும்னு சொன்னேன்ல?"

"இந்த லெட்டர் போனா அந்தக்கா வேலை போயிரும்."

"ஒன்னோட ஊர்ப்பேச்சுக்காக ஒரு புத்தகத்தைக் கெடுக்க முடியாது. என்ன பிடிவாதம்மா இது!" நெற்றியைத் தடவினார். மணி பன்னிரண்டாகியிருந்தது. "காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. ஒங்கூடப் பேசிப் பேசி எனக்கே மயக்கமா வருது. ஒரு காபி சொல்லு, சீனி தூக்கலா."

நான் எழுந்திருக்கவில்லை.

"குடுக்கக் கூடாது சார்."

"என்னது?"

"மயக்கமுற்றிருப்பின் வாய்வழியாக எதுவும் அளித்தலாகாது. முப்பத்திநாலாம் பக்கம். ஆம்புலன்ஸ் சொல்லவா? நாப்பது நிமிஷத்துல வந்துரும்."

அவர் முகம் சிவந்தது. "வெளிய போ. நாளையிலேர்ந்து வராத" என்றார். போனேன். போகிற வழியில் கேன்டீனில் அவருக்கு ஒரு காபி சொல்லிவிட்டுத்தான் போனேன், சீனி தூக்கலா. பிறகு பீரோவைத் திறந்து சிவப்பு மை போட்ட என் கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பையில் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை விசாரணை அறையில் சுகாதார அலுவலர் அருள்பாண்டி முன்னால் சாரின் கடிதம் கிடந்தது. சார் வேறு யாரையோ வைத்து டைப் அடித்திருக்கிறார். அதன்மேல் என் பிரதியை வைத்தேன். பக்கத்தில் அச்சுப் புத்தகத்தை விரித்தேன். அக்கா சுவரோரமாக நின்றார்.

அருள்பாண்டி இரண்டையும் படித்தார். மறுபடி படித்தார்.

"இதை எழுதினது யாரு?"

"நான் சார். சிவப்பு மையில திருத்துனது எங்க இயக்குநர். திருத்துனதை வச்சுக் கேள்வித்தாள் போட்டதும் நான்தான். அந்தக் கேள்விக்கு இவங்க சரியாத்தான் பதில் எழுதிருக்காங்க."

"இதைச் சொன்னா ஒனக்கு அங்க வேலை இருக்காதேம்மா?"

"நேத்தே போயிருச்சு சார்."

அவர் அக்காவைப் பார்த்தார். "நீங்க நாளையிலேர்ந்து வேலைக்குப் போங்க. ஒரு மறுபயிற்சி மட்டும் போட்டு விடுறேன்."

"எந்தப் புக்க வச்சு சார்?" என் குரல் அந்த அறைக்கு ரொம்பச் சத்தமாக இருந்தது. "இதே புக்கையா? இன்னும் எம்புட்டுப் பேரு கையில இது இருக்கு தெரியுமா?"

அவர் கோபப்படவில்லை. ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். "எப்படி இருக்கணுமோ எழுதிக் குடு. இன்னைக்கே எல்லாருக்கும் அனுப்புறேன். பிரஸ்ஸையும் நிறுத்தச் சொல்றேன்."

எழுதினேன். கிறக்கம் என்றே எழுதினேன், சீனி என்றே எழுதினேன். கீழே முழுப்பெயரையும் போட்டேன், சோணையம்மாள்.

அக்கா என் தோளுக்கு மேலே எட்டி, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார்.

"இதைத்தான மேடம் மொதல்லயே போட்ருக்கணும்?"

போட்டிருந்தேன். சிவப்பு மையில் அடிக்க விட்டுவிட்டேன்.