ஓரகத்திகளும் மூன்றாம் விசையும்

பேருந்துப் பணிமனையில் எனக்கு விசாரணைக் கவுண்டர். அதனால் நான் யாரிடம் எதைத் துருவினாலும் வம்பில் சேராது, உத்தியோகத்தில் சேர்ந்துவிடும். எனக்கு அடுத்த அறையில் வேலை பார்க்கும் பெரியவளும் சின்னவளும் வீட்டிலும் எனக்கு அடுத்த சுவர். கீழே மூத்தவள், மாடியில் இளையவள். அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள். புருஷன்மார் இருவரும் எங்கள் டிரைவர்கள். காலையில் பெரியவள், மதியம் சின்னவள் என ஒரே நாற்காலியில் உட்கார்ந்து டூட்டிப் பட்டியல் அடிப்பார்கள். கொடிக்கயிற்றில் யார் துணி எதுவரை என்ற விவகாரத்தில் பேச்சு நின்று ஏழு மாதம். செய்திப் போக்குவரத்து என் பொறுப்பு. ஒரு வார்த்தை குறையாமல், ஒன்றிரண்டு கூட்டியே கொண்டுபோய்ச் சேர்ப்பேன்.

பட்டியல் ஏறுவது பழைய மெயின்பிரேம் கம்ப்யூட்டரில். பீரோ மாதிரி நிற்கும், கிரைண்டர் மாதிரி சத்தம் போடும். அதில் புதுக் கணக்கு திறக்கத் தெரிந்த ஒரே மனிதர் ஓய்வுபெற்றுவிட்டதால் ஓரகத்திகளுக்கு ஒரே பயனர் பெயர். எடிட்டரில், அதாவது பட்டியல் அடிக்கும் திரையில், ஒருத்தி மாற்றிவைப்பது மற்றவள் தலையில் விடியும். விசைப்பலகை மேல்வரிசையின் மூன்றாம் விசை சேமித்துவிட்டு வெளியே வரும். பன்னிரண்டாம் விசை அடித்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வரும். இருபது வருஷமாக இது பெரியவளின் விரலுக்குத் தெரியும். பெரியவளுக்குத் தெரியுமா என்பது சந்தேகம்.

அந்த வியாழக்கிழமை மதியம் இரண்டுக்குள் அடுத்த வாரப் பட்டியல் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் மெஷின் போன வாரப் பட்டியலையே மறுபடி ஓட்டிவிடும். அதில் புதன்கிழமை பெரியவளின் புருஷன் பெரிய டிரைவருக்கு டூட்டி; வரும் புதன்கிழமையோ அவருக்குக் கண் ஆபரேஷன். தவறினால் அடுத்த தேதி ஆறு மாதம் கழித்துத்தான். விஷயம் வெளியே தெரிந்தால் வண்டியைப் பிடுங்கிக்கொண்டு பஸ் கழுவ அனுப்பிவிடுவார்கள் என்பதால் பரம ரகசியம். அந்தத் தம்பதிக்கும் என் வீட்டுச் சுவருக்கும் மட்டுமே தெரியும்.

பன்னிரண்டு மணிக்குப் பெரியவள் நாற்பத்திரண்டு வரியையும் அடித்து மூன்றை அமுக்கினாள். பட்டியல் காணோம். மறுபடி அடித்தாள், அமுக்கினாள், காணோம்.

"விசாரணை, இங்க கொஞ்சம் வாங்களேன்" என்றாள்.

முந்தின நாள் பன்னிரண்டாம் விசை கழன்று விழுந்திருக்கிறது. சின்னவள் அதன் வேலையை மூன்றுக்கு மாற்றிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள். சொல்வதென்றால் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

பெரியவள் விசை அமைப்புத் திரையைத் திறந்து, மூன்றுக்கு எதிரே 'சேமி' என்று பொருள்படும்படி மாற்றினாள். திரையை விட்டு வெளியே வர எதை அமுக்கினாள்? மூன்றை. மாற்றமும் குப்பைக்குப் போனது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதை. நான்கு தடவை அப்படிச் செய்தாள்.

ஒன்றரைக்குச் சின்னவள் வந்தாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மூணை அமுக்கக் கூடாதுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க. மேல கட்டளை வரியில 'சேவ்'னு அடிச்சு என்ட்டர் தட்டணும்."

"இத நேத்தே சொல்ல வாய் வலிச்சுதான்னு கேளுங்க" என்றாள் பெரியவள்.

"நாற்காலிய விடச் சொல்லுங்க. நான் வேகமா அடிப்பேன்."

அடித்தாள். பெரியவளின் கையெழுத்துத் தாளைப் பார்த்து விரல்கள் பறந்தன. முப்பதாம் வரியில் நின்றன.

"புதன்கிழமை அவங்க வீட்டுக்காரருக்கு லீவு, எங்க வீட்டுக்காரருக்கு டபுள் டூட்டி. நல்லா இருக்கு நியாயம்."

மணி ஒன்று ஐம்பது. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பெரியவள் என்னைத் தாண்டிப் பேசிவிட்டாள்.

"அவருக்குக் கண்ணு தெரியலடி. புதன்கிழமை ஆபரேஷன். இத விட்டா ஆறு மாசம் ஆகும்."

சின்னவள் நாற்காலியோடு பெரியவள் பக்கம் திரும்பினாள்.

"அதான் நேத்து மாடிப்படியில என்னைப் பார்த்து 'வாங்க சார்'னாரா?"

"உன்னை மட்டுமா? கொடியில தொங்குற சட்டைக்கு வணக்கம் வைக்கிறாரு."

சின்னவள் மீதிப் பன்னிரண்டு வரியையும் அடித்தாள். அடித்து முடித்த நொடியில் பெரியவளின் விரல், இருபது வருஷப் பழக்கம், தானாகவே மூன்றை நோக்கி நீண்டது. சின்னவள் பட்டென்று அந்தக் கையில் ஓர் அடி வைத்தாள்.

"கையை எடுங்கக்கா."

பிறகு 'சேவ்' அடித்து என்ட்டர் தட்டினாள். ஒன்று ஐம்பத்தேழுக்குப் பட்டியல் ஏறியது. மூன்றாம் விசையையும் பழையபடி மாற்றி, அதையும் 'சேவ்' போட்டே வெளியே வந்தாள். பன்னிரண்டாம் விசையின் பள்ளத்தில் இப்போது ஒரு சட்டைப் பொத்தான் ஒட்டியிருக்கிறது. பெரிய டிரைவரின் சட்டையிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும்; அவருக்குத் தெரியவா போகிறது.

இருவரும் நேரடியாகப் பேசிக்கொள்வதால் எனக்குப் பாதி வேலை போயிற்று. மீதி வேலையை ஒழுங்காகவே பார்த்தேன். பெரிய டிரைவர் ஓட்டும் பதினேழாம் எண் எப்போது வரும் என்று கேட்டவர்களிடமெல்லாம், செவ்வாய்க்கிழமை வரைக்கும், "இன்னைக்கு வராதுங்க, நடந்தே போயிடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.